முதல் சம்பளமும் கல்லூரி வாசலும்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பன்னிரண்டாம் வகுப்பில் சில முகங்கள் மாறியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். முடிவெட்டு மாறியிருக்கும். கையில் புதுக் கைக்கடிகாரம் இருக்கும். பதினொன்றாம் வகுப்பு முழுவதும் வாயே திறக்காத பையன், "எங்க லைன்ல பதினாறு டைலருங்க டீச்சர்" என்று ஆரம்பித்தால் மணி அடிக்கும் வரை நிறுத்த மாட்டான். விடுமுறையில் அவன் வேலைக்குப் போய் வந்திருக்கிறான். வாழ்க்கையில் முதன்முறையாகச் சம்பளம் வாங்கியிருக்கிறான்.

திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பிக்கிறேன். எங்கள் ஊருக்குள் தினமும் காலையில் பனியன் கம்பெனி வேன் வந்து போகும். தேர்வு முடிந்த அடுத்த திங்கட்கிழமையே எங்கள் மாணவர்கள் சிலர் அதில் ஏறிவிடுவார்கள். மற்ற மாவட்டங்களில் ஜவுளிக்கடையாகவோ, செங்கல் சூளையாகவோ, மாமாவின் இருசக்கர வாகனப் பட்டறையாகவோ இருக்கலாம். வேலை மாறுமே தவிர, வயதும் மாதமும் ஒன்றுதான்.

அதே கல்வியாண்டில் அந்தப் பிள்ளைக்கு இன்னோர் அனுபவமும் வாய்க்கிறது. 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் நடக்கும் கல்லூரிக் களப்பயணம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைப் பக்கத்திலுள்ள கல்லூரிக்கு அழைத்துச் சென்று வகுப்பறை, ஆய்வகம், நூலகம் எல்லாவற்றையும் காட்டுகிறோம். இந்த இரண்டையும் நாம் தனித்தனியாகவே வைத்திருக்கிறோம். வேலைக்குப் போனது வீட்டு விஷயம், களப்பயணம் பள்ளி விஷயம். பிள்ளையின் மனத்தில் அப்படிப் பிரிவதில்லை. வேலை நாற்பத்தைந்து நாள் நடந்தது, சனிக்கிழமை தவறாமல் கையில் காசு தந்தது. கல்லூரி ஒரே ஒரு நாள், ஒரு வேளை உணவும் ஒரு குழுப் படமும் தந்தது. பேசாமல் விட்டால் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே சில ஆண்டுகளாக இரண்டையும் ஒரே பாடமாக நடத்தி வருகிறேன். எப்படி என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

வேலையைப் பற்றிக் கேட்பது

ஜூன் முதல் வாரத்தில் இரண்டு பாடவேளைகளை இதற்கு ஒதுக்குகிறேன். 'விடுமுறையில் என்ன செய்தாய்' என்று பொதுவாகக் கேட்டால் 'பாட்டி ஊருக்குப் போனேன்' என்பதோடு முடிந்துவிடும். வேலைக்குப் போனதைச் சொன்னால் திட்டு விழும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் கேள்வியைத் தொழிலில் இருந்தே எடுக்கிறேன். "கைமடி யாரு? செக்கிங் யாரு? ஜெராக்ஸ் கடை யாராவது உண்டா?" என்றதும் கைகள் தாமாக உயரும்.

கைமடி என்றால் என்ன என்று பிற மாவட்ட ஆசிரியர்கள் கேட்கலாம். தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வெட்டிய துணித் துண்டுகளை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி மடித்து அடுக்கும் உதவியாள் வேலை. புதிதாகச் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். அல்லது தைத்த ஆடையில் தொங்கும் நூலைக் கத்தரிக்கும் பிசிர் வெட்டும் வேலை. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட்.

வேலைக்குப் போனவர்கள் மூன்று விஷயங்களை எழுதித் தர வேண்டும்: ஒரு நாள் வேலை மணிவாரியாக, கற்றுக்கொண்ட ஒரு திறமை, சம்பளம் எங்கே போனது. மூன்றாவதைப் படிக்கும்போது மனம் கனக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை, குழுக் கடன் தவணை, மாரியம்மன் நோம்பிக்குத் தங்கச்சிக்குத் துணி. 'பையன் காசு பாத்துட்டான், இனிப் படிப்பு ஏறாது' என்று ஆசிரியர் அறையில் நாம் சொல்வதுண்டு. இந்தத் தாள்களைப் படித்த பிறகு அந்தச் சொல்லை என்னால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிவதில்லை. காசைக் கண்டு மயங்கியவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் நான் படித்த தாள்களில் அவர்கள் குறைவு.

வேலைக்குப் போகாத பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. ஆடு மேய்த்ததும், தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டு வேலை முழுவதையும் செய்ததும் வேலைதான். பெண் பிள்ளைகளின் தாள்களில் இதுவே அதிகம் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பேச்சைத் தொடங்கக் கூடாது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போக, விடுமுறையில் சொந்தக் குடும்பத்தின் தொழிலில் உதவலாம். அதுவும் ஆபத்தான தொழிலாக இருக்கக் கூடாது. திரைப்படம் போன்ற கலைத்துறைக்கு நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு.

14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது சட்டம். சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள்கள், ஆபத்தான தொழில்முறைகள் ஆகியவற்றில் இவர்களை அமர்த்தக் கூடாது. பட்டாசு வேலை கூடாது என்பது இதனால்தான். மற்ற இடங்களில் வேலை செய்யலாம், ஆனால் வரையறை உண்டு. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, பிறகு 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளுக்கு 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. மிகைநேர வேலை கூடவே கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை.

இந்த வரையறையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகள் எழுதித் தந்த மணிக்கணக்கைப் பக்கத்தில் எழுதினால் வகுப்பு அமைதியாகிவிடும். 16 வயதுப் பிள்ளை ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது சட்டப்படி குற்றம். குற்றம் பிள்ளையுடையது அல்ல, வேலை வாங்கியவருடையது. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

இதைப் பெற்றோருக்குச் சொல்லும் இடம் ஜூன் அல்ல, மார்ச். தேர்வுக்கு முந்தைய பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் பத்து நிமிடம் இதை விளக்குகிறார். பகல் வேலையா, என்ன வேலை, முன்பணம் வாங்கினீர்களா என்று கேட்கிறோம். முன்பணம்தான் உண்மையான முடிச்சு. பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ முன்கூட்டி வாங்கிவிட்டால் அது கழியும் வரை பிள்ளை திரும்பி வர முடியாது, ஜூன் மாதம் ஆகஸ்டாக நீளும்.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் இந்தக் கட்டுரை தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை அண்ணனோடு வேனில் போவதை முதலில் அறிபவர் நீங்கள்தான். அது நேரடியாகச் சட்டம் தடுக்கும் விஷயம். 1098 என்ற எண் வகுப்பறைச் சுவரில் எழுதப்பட்டிருப்பது போதாது, அது எதற்கு என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாளுக்கு 400 ரூபாய்

"டீச்சர், நாளுக்கு நானூறு வாங்குறனுங்க. காலேஜுக்குப் போனா எவ்வளவுங்க தருவாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. வணிகவியலில் வாய்ப்புச் செலவு என்று நாம் நடத்துவதை அவன் ஒரே வரியில் கேட்டுவிட்டான்.

கணக்கை அவர்களே போட்டார்கள். நாளுக்கு 400 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் 10,400 ரூபாய். 3 ஆண்டுகளுக்கு 3,74,400 ரூபாய். கல்லூரிக்குப் போவதென்றால் இவ்வளவு பணத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும். இந்தத் தொகையை நான் குறைத்துக் காட்டுவதில்லை. அது உண்மையான பணம், அந்த வீட்டில் அதற்கு உண்மையான தேவை இருக்கிறது.

பிறகு வீட்டுவேலை ஒன்று தருகிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இதே தொழிலில் பத்தாண்டுக்கு மேல் இருப்பவரிடம் நான்கு கேள்விகள் கேட்டு வர வேண்டும். சேர்ந்தபோது என்ன கூலி, இப்போது என்ன கூலி, ஆண்டில் எத்தனை மாதம் முழு வேலை, உடம்புக்கு முடியாத நாளில் சம்பளம் உண்டா. அந்த மாணவனின் அம்மா 14 ஆண்டுகளாகச் செக்கிங்கில் இருப்பவர். அவருடைய நாள் கூலி, மகன் வாங்கியதைவிட 60 ரூபாய்தான் அதிகம். அதை வகுப்பில் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஆர்டர் இல்லாத மாதங்களின் கதையும் வரும். 2020 ஊரடங்கை எல்லா வீடும் நினைவில் வைத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூரில் அந்தப் பேச்சு இல்லாத டீக்கடை இல்லை. பன்னாட்டு வணிகம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைக்காது.

மறு பக்கத்தையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 3 ஆண்டுகளுக்கு 36,000. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் நம் மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் கட்டணம் குறைவு, பேருந்து அட்டை இலவசம். இவற்றையெல்லாம் கூட்டினாலும் 3,74,400 வராது. வராது என்றே சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுக் கணக்கில் கல்லூரி தோற்கும். முப்பது ஆண்டுக் கணக்கில் என்ன ஆகும் என்பதற்குத்தான் அம்மாவிடம் கேட்ட அந்த நான்கு கேள்விகள்.

களப்பயணத்துக்கு முன்பு

தயாரிப்பு இல்லாமல் போனால் களப்பயணம் சுற்றுலாவாக முடியும். பேருந்தில் பாட்டு, அரங்கில் வரவேற்புரை, இரண்டு ஆய்வகங்களை வரிசையாகக் கடந்து போதல், சாப்பாடு, படம். நான் பார்த்த களப்பயணங்களில் பாதி இப்படித்தான் போயின. கல்லூரிக்காரர்கள் மீது குறை சொல்ல மாட்டேன், ஒரே நாளில் நான்கு பள்ளிகள் வந்தால் அவர்களும் என்ன செய்வார்கள்.

நாங்கள் செய்வது எளிது. பிள்ளைகள் ஜூனில் எழுதிக் கொடுத்த வேலைத் தாளை அவரவரிடம் திருப்பிக் கொடுக்கிறேன். அதைப் படித்துவிட்டு, கல்லூரியில் கேட்க இரண்டு கேள்விகள் எழுத வேண்டும். ஒன்று அவர்கள் பார்த்த வேலையைப் பற்றி, மற்றொன்று வீட்டு நிலைமையைப் பற்றி. 'இந்தக் கல்லூரியின் சிறப்பு என்ன' போன்ற மேடைக் கேள்விகளை ஏற்பதில்லை.

வந்த கேள்விகளில் சில: மதியத்துக்கு மேல் வேலைக்குப் போக முடியுமா? துணி சாயம் போகாமல் இருக்க என்ன படிக்க வேண்டும்? விடுதியில் மாதம் எவ்வளவு ஆகும், முன்கூட்டியே கட்ட வேண்டுமா? தமிழ்வழியில் படித்தவர்கள் முதல் ஆண்டில் எத்தனை பேர் தேறுகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை எழுதியவள் அதை எழுப்பிக் கேட்க வேண்டுமா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். "கேளு கண்ணு, அதுக்குத்தான் போறோம்" என்றேன்.

மதிய வேலைக் கேள்விக்கு ஒரு விளக்கம். பல அரசுக் கலைக் கல்லூரிகள் காலை, பிற்பகல் என இரண்டு சுழற்சிகளாக நடக்கின்றன. பிள்ளைகள் அதையும் ஷிப்ட் என்றுதான் சொல்வார்கள். காலைச் சுழற்சியில் சேர்ந்து, 18 வயது நிறைந்தபின் பிற்பகலில் பகுதிநேரமாக வேலை பார்ப்பவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். வேலையா படிப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வேலையைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். இரண்டும் சேரும் வழி ஒன்று இருக்கிறது என்ற ஒரு தகவல் அவர்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்திருக்கிறது. எளிய வழி அல்ல. தூக்கம் குறையும். அதையும் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை.

ஆய்வகத்தில் நடந்தது

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியின் துணிநூல் ஆய்வகத்துக்குப் போயிருந்தோம். மேசை மேல் வட்ட வடிவக் கருவி ஒன்று இருந்தது. விளக்க வந்த பேராசிரியர் வாய் திறப்பதற்குள், கைமடி வேலைக்குப் போயிருந்த மாணவன் "ஜி.எஸ்.எம். கட்டருங்க" என்றான். அவர் வியந்து, "எப்படிப்பா தெரியும்?" என்றார். கம்பெனியில் பார்த்திருக்கிறான். துணி வந்ததும் இதை வைத்து அழுத்தித் திருகி வட்டமாக வெட்டுவார்கள், அந்த வட்டத்தைச் சிறு தராசில் வைப்பார்கள், 1.6 கிராம் காட்டினால் துணி 160 ஜி.எஸ்.எம். என்று எழுதுவார்கள். இவ்வளவும் அவனே சொன்னான். பிறகு நாற்பத்தைந்து நாளாக அவனுக்குள் இருந்த கேள்வியைக் கேட்டான். "ஏனுங்க நூறால பெருக்கறாங்க?"

பேராசிரியர் சுண்ணக்கட்டியை எடுத்துக்கொண்டார். அந்தக் கருவி வெட்டும் வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர். ஆக, வெட்டிய வட்டம் சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதன் எடையை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில் கிடைத்துவிடும். எங்கள் கணித ஆசிரியர் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பில் அலகு மாற்றம் நடத்தியவர் அவர்தான்.

அவனையே ஒரு துணியை வெட்டி எடை போடச் சொன்னார்கள். கம்பெனியில் அந்தக் கருவியை அவன் தொட அனுமதி இல்லை, தொடுவது தரப் பரிசோதகரின் வேலை. அந்தப் பரிசோதகர் என்ன படித்தவர் என்று அவன் அங்கேயே விசாரித்தான். துணிநூல் தொழில்நுட்பத்தில் பட்டயம் படித்தவர்களும், ஆடை வடிவமைப்பில் பட்டம் பெற்றவர்களும் அந்த வேலைக்கு வருவார்கள் என்றார் பேராசிரியர். திரும்பும் வழியில் பேருந்தில் பாட்டுப் போட்டார்கள். அவன் மட்டும் அந்த வட்டத் துணியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோருக்கும் இப்படி ஒரு கருவி மேசையில் காத்திருக்காது. ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த மாணவிக்கு எந்த ஆய்வகமும் பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது வேறு. கடையில் இணையவழி விண்ணப்பங்களைப் பதிவேற்றிப் பழகியவள், எந்தச் சான்றிதழ் வர எத்தனை நாளாகும், பெயரில் முதலெழுத்து மாறியிருந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அத்துப்படி. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் வகுப்பில் யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று டிசம்பரிலேயே பட்டியல் எடுத்துவிட்டாள். நாங்கள் ஜூனில் அலையும் வேலை அது.

மார்ச்சுக்குப் பிறகு

அதிகம் கவனிக்க வேண்டிய காலம், பொதுத்தேர்வு முடியும் நாளுக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் இடைப்பட்டது. பிள்ளை பள்ளியில் இல்லை, கல்லூரியிலும் இல்லை. வேன் மட்டும் தினமும் வருகிறது. தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் பலர் வேலையில் ஒரு மாதம் பழகியிருப்பார்கள், விண்ணப்பக் கடைசி நாள் ஷிப்டுக்கு நடுவே கடந்து போய்விடும். அதனால் கடைசித் தேர்வன்றே ஒரு நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் மூன்று எண்கள் எழுதி வாங்குகிறோம்: மாணவரின் கைப்பேசி, அம்மாவின் கைப்பேசி, வேலைக்குப் போகும் இடத்தின் எண். மூன்றாவது எண்தான் பெரும்பாலும் உதவுகிறது. விண்ணப்பிக்க அரை நாள் விடுப்பு வேண்டும் என்று பள்ளியிலிருந்து ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டால் மறுத்த மேலாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மதிப்பெண் குறைந்தவர்களும் தேர்ச்சி பெறாதவர்களும் தானாகவே இந்தப் பட்டியலில் இருந்து நழுவுவார்கள். துணைத்தேர்வு, தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக் என்று அவர்களுக்கும் வழி இருப்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கும் சேராதவர்களைத் தேடிச் சேர்க்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கின்றன. முகாமுக்குப் பிள்ளையை வரவைப்பதற்கும் அதே நோட்டுதான்.

ஜி.எஸ்.எம். கட்டரைக் கண்டுபிடித்த மாணவன் இப்போது துணிநூல் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அவனோடு அதே வேனில் போன நண்பன் கல்லூரிக்குப் போகவில்லை. அப்பா வாங்கிய முன்பணம் ஜூலை வரை கழியவில்லை, அதற்குள் சேர்க்கை முடிந்துவிட்டது. அவன் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். "அடுத்த வருசம் கண்டிப்பா அனுப்பறனுங்க டீச்சர்" என்றார் அவன் அம்மா. நோட்டில் அவன் பெயருக்கு நேரே இருக்கும் கட்டத்தை அடிக்காமல் வைத்திருக்கிறேன். முகாம் தேதி வந்ததும் முதல் அழைப்பு அவனுக்குத்தான்.